பூஞ்சணம் பிடித்த 7×50: அப்புத்தளையில் ஒரு பழைய பைனாகுலரை வானத்துக்குத் தயார் செய்தது

வீட்டிலிருந்தே வானம் பார்த்துப் பழகலாமா என்று கேட்கிற எல்லோரும் அடுத்ததாகக் கேட்பது, எந்தத் தொலைகாட்டி வாங்கலாம் என்பதுதான். இலங்கை மலைநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இது: வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ பழைய பைனாகுலர் ஏதும் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடந்தால் நிச்சயம் அதில் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைச் சுத்தம் செய்யவும், பிறகு ஈரம் படாமல் வைத்துக்கொள்ளவும் பழகிவிட்டால் பாதி வானவியல் கைக்கு வந்த மாதிரி. மேகம் எப்படியும் ஒருநாள் விலகும். கண்ணாடிக்குள் புகுந்த ஈரத்தை நாம்தான் விரட்ட வேண்டும்.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒளியியல் பாடத்தில் வில்லை, அரியம் எல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டியே பழகிய எனக்கு, அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்க இந்த வேலை நல்ல சாக்காக அமைந்தது.

இந்த 7×50 பைனாகுலர், அதாவது ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 50 மில்லிமீற்றர் அகல முன்வில்லை உள்ள பைனாகுலர், எங்கள் பெரியப்பாவுடையது. அவர் தோட்டத் துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, வேலை பார்த்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து தோல் உறைக்குள்ளேயே கிடந்தது. அந்தத் தோல் உறைதான் முதல் குற்றவாளி. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றோட்டம் கிடையாது. காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் சுகமாக வளரும். எங்கள் லயத்துக் காம்பராவில் மழை மாதங்களில் அது 80க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

பெரிய வில்லைப் பக்கமாக டோர்ச் அடித்து, கண் வைக்கும் பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. வில்லையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல மெல்லிய வெள்ளை இழைகள், ஒவ்வொன்றிலிருந்தும் கிளை பிரிந்து கிளை. வலது குழாயில் வில்லையின் உட்பக்கத்தோடு நின்றிருந்தது. இடது குழாயில் அரியத்தின் முகம் வரை போயிருந்தது. இதோடு நிலாவைப் பார்த்தால் நிலாவைச் சுற்றிப் பால் ஊற்றிய மாதிரி வெளிச்சம் பரவும், மங்கலான விண்மீன்கள் எல்லாம் அதில் மூழ்கிப் போகும்.

சரி, திறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இது விலையுயர்ந்த புதுச் சாமானாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். நைதரசன் நிரப்பி மூடிய நவீன பைனாகுலர்களை வீட்டில் திறப்பது சரியில்லை. கண் வைக்கும் குழாய்களைவிட முன்குழாய்கள் விலகி நிற்கும் பழைய போரோ வகை அப்படியல்ல. குழாய்கள் மறையால் மாட்டியவை, ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

கழற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டால் பின்னால் அழ வேண்டியதுதான். ஒவ்வொரு இணைப்பிலும், இரண்டு பாகத்திலும் படும்படி ஊசியால் ஒரு சிறு கோடு கீறினேன். எந்தக் கோடு எந்தக் கோட்டுக்கு நேர் என்று கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்ப்பது இந்த நிலைகளைப் பொறுத்துத்தான்.

முன்குழாய் இலேசில் அசையவில்லை. உள்ளே பூசியிருந்த கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தது. மண்ணெண்ணெய் விடலாம் என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் சொன்னார். அது ஊறி வில்லைப் பக்கம் போய்விட்டால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லையின் இடுக்கில் ஏறிவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். முடி உலர்த்தும் கருவியால் உலோகத்தை மட்டும் சூடாக்கி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையை இறுக்கிச் சுற்றி, இரண்டு கையாலும் திருகியபோது மெதுவாக விட்டுக்கொடுத்தது. சைக்கிள் டியூப் இந்த வேலை முழுக்கக் கூடவே இருந்தது, ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லையைப் பிடித்து வைத்திருக்கும் வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு வெட்டுக்கள் இருக்கும். அதைத் திருகத் தனிச் சாவி விற்கிறார்கள். நான் இரும்பு அடிமட்டம் ஒன்றைக் குழாயின் அகலத்துக்கு வெட்டினேன். இரண்டு முனையையும் வெட்டுக்களில் உட்காரும்படி அரத்தால் ராவி, நடுப்பகுதியை வளைவாகக் குடைந்துவிட்டேன். நடுவைக் குடைவது ஏன் என்றால், வில்லை நடுவில் புடைத்திருக்கும். நேரான விளிம்பு அதன்மேல் பட்டால் ஒரே இழுப்பில் கீறல்தான்.

வெளியே எடுக்கும் முன் வில்லையின் விளிம்பில் பென்சிலால் அம்புக்குறி போட்டேன், எது முன்பக்கம் என்று தெரிய. இது இரண்டு கண்ணாடிகள் சேர்ந்த வில்லை. ஒரு கண்ணாடி தனியாக நிறங்களைப் பிரித்துவிடும் என்பதால், அதைச் சரிக்கட்ட வேறு வகைக் கண்ணாடியில் இன்னொன்றைச் சேர்த்திருப்பார்கள். திருப்பிப் போட்டால் விண்மீன் ஒருபோதும் புள்ளியாகக் குவியாது.

சுத்தம் செய்த முறை: முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதித் தள்ளினேன். மணல் துகள் ஒன்று இருக்கும்போது துடைத்தால், துடைக்கவில்லை, உரசுகிறோம் என்று அர்த்தம். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து உருட்டி எடுத்தேன். அழுத்தக் கூடாது. பஞ்சின் எடை போதும். ஒருமுறை உருட்டிய பஞ்சை மறுபடி வைக்கக் கூடாது. அப்புறம் பாமசியில் வாங்கிய 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டை வேறு பஞ்சில் நனைத்து இழைகளின்மேல் கொஞ்ச நேரம் போட்டுவைத்தேன். பூஞ்சணத்தைக் கொல்வது இதுதான். கடைசியாக ஐசோபுரோப்பைல் அல்ககோல், ஈரத்தின் தடம் தெரியாமல் காய்ந்துபோக.

வலது வில்லை பளிச்சென்று வந்தது. இடது அரியத்தில் இழை போய்விட்டது, இழை இருந்த தடம் போகவில்லை. பூஞ்சணம் வளரும்போது அமிலம் கசிய விடும், அது கண்ணாடியையே அரித்துவிடும். சாய்த்துப் பார்த்தால் இப்போதும் மங்கலான கிளைக்கோலம் தெரிகிறது. அதைத் தேய்த்து மெருகேற்ற முயலவில்லை. அரியத்தின் முகம் அவ்வளவு துல்லியமான தட்டை. கையால் தேய்த்தால் அந்தத் தட்டை கெட்டு, தடத்தைவிடப் பெரிய சேதமாகிவிடும். அரியத்தை அதன் தட்டிலிருந்தும் எடுக்கவில்லை. எட்டிய முகத்தை மட்டும் துடைத்தேன்.

காய வைக்கும்போது ஒரு கவனம். வெயிலில் வைத்தால் மிச்சப் பூஞ்சணமும் சாகும், உண்மைதான். ஆனால் 50 மில்லிமீற்றர் வில்லை வெயிலைக் குவித்து மேசைத் துணியைப் பற்ற வைத்துவிடும். அதனால் இஸ்தோப்பில் நிழலில்தான் காயவைத்தேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு கணம் போதும், பார்வை போனது போனதுதான்.

மறுபடி பூட்டியபின் பார்த்தால் எதிர்மலையில் இருக்கும் கோபுரம் இரண்டாகத் தெரிந்தது. குறிகளுக்கு நேராகவே பூட்டியிருந்தும் பழைய கிரீஸ் போனதில் வளையங்கள் சற்றே வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தன. இந்த வகையில் வில்லை உட்காரும் வளையம் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். அதைச் சுழற்றினால் வில்லை மயிரிழையளவு பக்கவாட்டில் நகரும், படமும் நகரும். இரண்டு வளையம் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதால் எந்தத் திசைக்கும் நகர்த்தலாம்.

பகலில் கோபுரத்தை வைத்து ஓரளவு சரிசெய்துவிட்டு, மிச்சத்தை இரவில் விண்மீனை வைத்துச் செய்தேன். பைனாகுலரை மணல் பையின்மேல் அசையாமல் வைத்து, பிரகாசமான ஒரு விண்மீனை நடுவில் கொண்டுவர வேண்டும். வலது கண் வளையத்தை மட்டும் திருகினால் அந்தக் கண்ணுக்கு விண்மீன் கலங்கி ஒரு வட்டத் தட்டாகும். இடது கண்ணுக்கு அது புள்ளியாகவே இருக்கும். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கும்போது புள்ளி அந்தத் தட்டின் நடுவில் விழ வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளியிருந்தால் கண் சமாளிக்கும், நம் கண்கள் உள்பக்கம் திரும்பப் பழகியவைதானே. மேலும் கீழுமாக விலகினால் சமாளிக்காது. ஐந்து நிமிடத்தில் தலைவலி வரும். ஒரு வளையத்தைத் தொடுவது, பார்ப்பது, மறுபடி தொடுவது. அவசரப்பட்டு முடிக்கிற வேலை இல்லை இது. என் கண்ணிடைவெளிக்குச் சரியாக வந்ததும் நிறுத்திவிடாமல், பைனாகுலரை மடக்கியும் விரித்தும் பார்த்தேன். ஒரே ஒரு அகலத்தில் மட்டும் சரியாக இருப்பது பிள்ளைகளின் கண்ணுக்கு உதவாது.

உடலில் "1000 யாருக்கு 372 அடி" என்று பொறித்திருந்தது. 1000 யார் தூரத்தில் 372 அடி அகலம் தெரியும் என்பது அதன் அர்த்தம். கணக்குப் போட்டால் பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் அகலம், 7.1 பாகை. அது உண்மைதானா என்று வானத்திலேயே அளக்க முடியும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்ற அருமையான பரிசோதனை அது. வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு, பக்கத்தில் இருக்கும் விண்மீன் ஒரு பாகை நகர 4 நிமிடம் எடுக்கும். ஓரையன் இடுப்புப் பட்டியின் மேற்கு ஓர விண்மீன், மின்டாக்கா, கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. பைனாகுலரை மதில்மேல் மணல் பையில் நிறுத்தி, அந்த விண்மீன் பார்வை வட்டத்தின் ஒரு விளிம்பில் நுழைந்து நடு வழியாக மறு விளிம்பில் மறையும் வரை கைபேசியில் நேரம் பார்த்தோம். 28 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நாலால் பிரித்தால் 7 பாகை. பூமி சுற்றுவதை இப்படிக் கடிகாரம் வைத்துப் பார்த்தபின் அந்தப் பாடத்தை நான் திரும்ப நடத்த வேண்டியிருக்கவில்லை.

தாங்கியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சவுக்குக் கம்பு ஒன்று, என் கண் உயரத்துக்கு வெட்டியது. அதன் தலையில் ஒரு மரக்கட்டை. பைனாகுலரின் நடு அச்சை அந்தக் கட்டையோடு சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டியாயிற்று. கம்பின் அடி தரையில் நிற்பதால் கை நடுக்கம் பெருமளவு போய்விடும். வியாழனைச் சுற்றும் நிலாக்களில் வெளியே தள்ளியிருப்பவை கையில் பிடித்தபோது தெரியவில்லை, கம்பில் நிறுத்தியதும் தெரிந்தன. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தவை அவைதான். தலைக்கு மேலே இருப்பவற்றுக்கு இந்தக் கம்பு உதவாது. அதற்குச் சாய்மனைக் கதிரை, இல்லையென்றால் படங்கை விரித்துப் படுத்துக்கொள்வது.

பனி வேறு சங்கதி. தெளிந்த இரவில் வில்லை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உடனே அதன்மேல் நீர் படியும். கறுப்பு பிரிஸ்டல் போர்டில் இரண்டு குழல் சுருட்டி முன்னால் மாட்டினேன். நீளம் வில்லையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 75 மில்லிமீற்றருக்குக் குறையாமல். வில்லை பார்க்கும் வானம் சுருங்குவதால் குளிர்வது தாமதமாகிறது. பக்கத்து வெளிச்சமும் உள்ளே வராது. டோர்ச்சுக்கு வெசாக் கூடு கட்ட வாங்கும் சிவப்புச் செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிவிட்டேன், இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க.

பார்த்து முடித்ததும் குளிர்ந்த பைனாகுலரை அப்படியே அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியிலேயே மூடிகளைப் போட்டு, சொப்பிங் பையில் வைத்து வாயைக் கட்டிவிட வேண்டும். வீட்டின் ஈரக்காற்று பையின் வெளிப்பக்கத்தில் படியட்டும். விடிந்தபின் எடுத்துப் பெட்டியில் வைக்கலாம்.

பெட்டி என்பது ரப்பர் விளிம்பு உள்ள சாதாரண பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு துணிப் பையில், கூடவே ஈரப்பதன் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி. காம்பராவில் 85 காட்டும் நாளிலும் பெட்டிக்குள் 45 முதல் 50க்குள் நிற்கிறது, அது போதும். மானி 55ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லைப் பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் நிறம் திரும்பும் வரை வறுத்தெடுக்கிறேன். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. சமைக்கிற தாச்சியில் வறுக்காதீர்கள். செம்மஞ்சள் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். தோல் உறையைப் பெரியப்பாவின் நினைவாகத் தனியே மாட்டி வைத்திருக்கிறோம், பைனாகுலர் இனி அதற்குள் போகாது.

இனி வானத்துக்கு வருகிறேன். அப்புத்தளை ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில், வட அகலாங்கு 6.8 பாகையில் இருக்கிறது. வடக்கே மலைகள் மறைக்கும், துருவ விண்மீன் 7 பாகை உயரத்தில்தான் நிற்கும் என்பதால் எங்களுக்கு அது கிடைப்பதில்லை. தெற்கில் மலை முடிந்து நேரே கீழ்நாடு. மழை கழுவிய இரவுகளில் தென்கரைப் பக்கத்து விளக்குகள் வரை தெரியும். ஐரோப்பாவில் இருந்து எழுதப்பட்ட வானப் புத்தகங்களில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்ட பகுதி எங்களுக்குக் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. பெப்ரவரியில் முன்னிரவிலேயே அகத்தியர் (கனோபஸ்) விண்மீன் 30 பாகை உயரத்துக்கு வந்துவிடும். மே நடுவில் இரவு 9 மணிவாக்கில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், இடப்பக்கத்தில் அதைச் சுட்டும் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று கம்பை ஆட்டி எடுக்கும். ஆனால் மேற்குச் சரிவில் அட்டன், மஸ்கெலியா எல்லாம் மழையில் நனையும் அந்த மாதங்களில் எங்கள் ஊவாப் பக்கம் வானம் திறக்கிற இரவுகள் உண்டு. கேட்டையும் பால்வீதியின் நடுப்பகுதியும் அப்போது உச்சி நோக்கி ஏறியிருக்கும். மதிலோரம் ஒதுங்கி உட்கார்ந்து பார்த்தால் காற்று பெரிதாகத் தெரியாது.

இந்த 7×50இல் எனக்கு மிகவும் பிடித்தது ஒமேகா சென்டோரி. தென்சிலுவைக்கு வடகிழக்கே, 35 பாகை உயரம் வரை வரும். பழங்கால வானவியலாளர் தொலெமி அதை ஒரு விண்மீனாகத்தான் எழுதிவைத்தார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலி, அது தனி விண்மீன் அல்ல என்று கண்டார். 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி அளவு விண்மீன்கள் சேர்ந்த திரள். நம் பைனாகுலரில் பஞ்சு உருண்டையளவுக்கு மங்கலான ஒளியாகத் தெரியும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதில இன்னும் பூஞ்சணம் ஒட்டியிருக்கு, தொடைச்சிட்டுத் தாரீங்களா?" என்றாள். நான் துடைத்துக்கொண்டிருந்ததை வாரக்கணக்காக வேடிக்கை பார்த்தவள். நல்ல கேள்வி என்பதால் அவளையே சோதிக்கச் சொன்னேன். "பைனாகுலரைக் கொஞ்சம் நகர்த்து பாப்பா, அது பைனாகுலரோட வருதா, பக்கத்து விண்மீனோட நிக்குதா?" நகர்த்தினாள். "விண்மீனோட நிக்குது டீச்சர்!" முன்வில்லையில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் அது ஒரு புள்ளியாகத் தெரியாது, முழுப் படத்தையும் வெளுக்க வைக்கும் என்பதை மறுநாள் வகுப்பில் வில்லையின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டியே காட்டினேன்.

அரிக்கப்பட்ட அரியம் விண்மீன்களைக் கெடுக்கவில்லை. முழுநிலாவுக்கு அருகில் மட்டும் இடது பக்கம் இலேசாக வெளுக்கிறது. நிலாவை முதல் கால்பகுதியில் பார்த்தால் அதுவும் தொந்தரவில்லை, பள்ளங்களின் நிழலும் அப்போதுதான் நன்றாக விழும். 7 மில்லிமீற்றர் அகலத்தில் வெளியே வரும் ஒளிக்கற்றையை முழுதாக வாங்க இளம் கண்ணின் பாவையால்தான் முடியும். என் வயதுக்காரர்களுக்குப் பாவை அவ்வளவு விரிவதில்லை. அதனால் மங்கலானவற்றைத் தேடிப் பிடிப்பதைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன்.

பெரிய மகெல்லன் முகில் இன்னும் பிடிபடவில்லை. 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு விண்மீன் கூட்டம் அது. 1987இல் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா வெடித்தது அங்கேதான். எங்களுக்கு அது 14 பாகைக்கு மேல் ஏறாது, அந்த உயரத்தில் கீழ்நாட்டுப் புழுதியும் நீராவியும் திரை போட்டுவிடுகின்றன. ஜனவரிக் கடைசியில் இரவு 9 மணியளவில் அது தெற்கே உச்சத்தில் இருக்கும். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து, நிலா இல்லாத இரவு ஒன்று அதோடு ஒத்துவர வேண்டும். தோட்டத்து ஸ்டோரின் வெளிச்சம் படாத மேட்டுப் பக்கமாகக் கம்பைத் தூக்கிக்கொண்டு போக நாலு பெற்றோரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.